எத்தனை செகண்டு, எத்தனை பேர்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறைக்கு அடுத்த அறைதான் கம்ப்யூட்டர் பிரிவு. லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசை மேலிருக்கும் டம்ளரில் தண்ணீர் லேசாக நடுங்கும். அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் செகண்டு அக்கா. யார் வந்து என்ன குறை சொன்னாலும் அவள் முதலில் கேட்பது, "எத்தனை செகண்டு ஆகுது?" என்றுதான். "ரொம்ப நேரம் ஆகுதுக்கா" என்றால் விடமாட்டாள். போய்க் கடிகாரம் பார்த்துவிட்டு வரச் சொல்லுவாள்.

அவள் அங்கே சேர்ந்தது டைப் அடிக்க. நோயாளிகள் பேனாவில் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் பார்த்துப் பார்த்து, பெயர், வயது, விலாசம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. கோழி கிளறினாற்போல இருக்கும் கையெழுத்தையும் படித்துவிடுவாள். பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படி ஓடியபின், அந்தப் பதிவுகளெல்லாம் சேரும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிய ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்று அவளிடம் கொடுத்தார்கள். புதிய ஆள் கடைசிவரை வரவில்லை. அங்கே கேட்டு இங்கே கேட்டு, உடைத்துச் சேர்த்து, கேள்வி ஞானத்திலேயே அவள் வண்டியை ஓட்டினாள்.

நாற்பத்தாறாவது வயதில்தான் நிர்வாகம் அவளைப் படிக்க அனுப்பியது. பன்னிரண்டு வார மாலை வகுப்பு. டேபிள்களை எப்படி அமைப்பது, ஒன்றோடொன்றை எப்படி உறவுபடுத்துவது, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான கியூரி மெதுவாக ஓடினால் அதை எப்படி வேகப்படுத்துவது. வகுப்பில் பதினெட்டுப் பேர். அதில் இவள்தான் மூத்தவள். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். இவள் அந்தப் பெண்ணை "மேடம்" என்பாள், அந்தப் பெண் இவளை "அக்கா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது வாரம் அந்தப் பெண் ஒரு கருவியைக் காட்டினாள். நாம் கேட்கும் கேள்விக்கு டேட்டாபேஸ் எந்த வழியாகப் போய்ப் பதிலைத் தேடுகிறது என்று அது படம் போட்டுக் காட்டும். எந்த டேபிளில் முதலில் நுழைகிறது, எங்கே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக்கொண்டு போகிறது, எங்கே நேரம் தின்கிறது, எல்லாம் தெரியும். ஒரு இண்டெக்ஸ் போட்டுக் கொடுத்தால், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பார்த்து நேரே பக்கத்துக்குப் போவதுபோல அது நேரே போய்விடும். அவள் தன் மருத்துவமனையை நினைத்துக்கொண்டாள். பதினெட்டு லட்சம் வரிகள். இத்தனை வருடமும் அது ஒவ்வொரு கேள்விக்கும் அத்தனையையும் கால் கடுக்க நடந்தே தேடியிருக்கிறது.

"பாவம்" என்றாள் வாய்விட்டு. வகுப்பே சிரித்தது.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள். இடது பக்கம் 'முன்னால்', வலது பக்கம் 'பின்னால்'. மருந்தக இருப்பு: முன்னால் முப்பத்தொரு செகண்டு, பின்னால் இரண்டு. படுக்கை நிலவரம்: முன்னால் பதினேழு, பின்னால் ஒன்று. வீட்டில் சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், அதிகம் பேசமாட்டார். பிளஸ் டூ படிக்கும் மகள்தான், "அம்மா, நான் குளிக்கிறதுக்கு மட்டும் இண்டெக்ஸ் போட்டுடாதீங்க" என்று கும்பிட்டாள்.

முதல் மாடியில் மறுஅழைப்பு மேசை என்று ஒன்று உண்டு. பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களில், முடிவு சரியில்லாதவர்களை மட்டும் போனில் கூப்பிட்டு மறுபடி வரச்சொல்லும் இடம். இந்த மருத்துவமனையின் வழக்கம் அது. ரத்தமோ சதையோ கொடுத்துவிட்டு எழுந்து போகிறவரிடம் அங்கேயே சொல்லிவிடுவார்கள்: "ஏதாவது இருந்தா நாங்க கூப்பிடுவோம். கூப்பிடலன்னா நல்ல சேதின்னு வெச்சுக்கோங்க." அந்த மேசைக்குரியவர் ஒரு சிஸ்டர். எல்லோருக்கும் பட்டியல் சிஸ்டர். காலையில் கம்ப்யூட்டரில் பட்டியலைக் கேட்டால் அது வந்து சேர நான்கு நிமிடம் ஆகும். சில நாள் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"நாலு நிமிஷத்துல நான் ரெண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசிடுவேன். ஏதாவது செய் அக்கா" என்றார் சிஸ்டர்.

"இருநூத்து நாப்பது செகண்டு" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு இண்டெக்ஸ் போட்டதுமே அது ஐம்பது செகண்டுக்கு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். அவளுக்கு ஆசை விடவில்லை. படத்தைப் போட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் இன்னும் முட்டிக்கொண்டு நின்றது. படிவத்தின் கடைசி வரி, 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய உறவினர்'. ஒருவருக்கு இரண்டு மூன்று உறவினர் இருக்கலாம் என்பதால் அந்தப் பெயர்கள் தனி டேபிளில் இருந்தன. நோயாளியின் எண் கிடைக்காவிட்டால் உறவினரைக் கூப்பிடலாம் என்று பட்டியல் இரண்டையும் சேர்த்துக் காட்டும். பழைய கியூரி, 'உறவினர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளியைக் காட்டு' என்று கேட்டிருந்தது. அதனால் டேட்டாபேஸ் தனக்கு வசதியான பக்கத்திலிருந்து தேட முடியாமல் கட்டுப்பட்டு நின்றது. அவள் இரண்டு சொல்லை மாற்றினாள். இரண்டு டேபிளையும் நேராகச் சேர்த்துவிட்டாள். முக்கால் செகண்டு.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் திரையில் இருபத்தைந்து பெயர். இரண்டிலும் அதே இருபத்தைந்து. சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்தாள். அடுத்த திரைக்கு அவள் போகவில்லை.

சிஸ்டர் அன்றைக்கு மாடி ஏறி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று மகளுக்கு நாளுக்கு நாலு தடவை சொல்லுகிறவள்தான். தன் காரியம் என்று வந்தபோது மறந்துபோனாள்.

இது நடந்து பத்து வாரம் கழித்து, நடுவில் பரீட்சை விடுமுறை விட்டுவிட்டு வகுப்பு மறுபடி தொடங்கியது. அன்றைய பாடம், திருத்திய கியூரியைச் சோதிப்பது எப்படி. மேடம் ஒரு நூலகத்தின் டேபிள்களைக் கொடுத்தாள். உறுப்பினர்கள் ஒன்றில், அவர்கள் எடுத்த புத்தகங்கள் இன்னொன்றில்.

"ரெண்டையும் நேரா சேர்த்துப் பாருங்க. வேகமா வரும். இப்ப தலையை எண்ணுங்க. புத்தகமே எடுக்காத ஆளுக்கு அந்தப் பக்கம் வரி கிடையாது. இல்லாத வரியோட ஆளைச் சேர்க்க முடியாது. அதனால அந்த ஆளே காணாம போயிடுவார். எரர் வராது. சிவப்பு எழுத்து வராது. ஒரு சத்தமும் இருக்காது."

அக்கா எண்ணினாள். நாற்பது உறுப்பினரில் முப்பத்தேழு பேர்தான் இருந்தார்கள். மூன்று பேர் இல்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் எடுக்காதவர்கள் மறைந்து, அந்த இடத்தில் படிவத்தின் கடைசி வரி வந்து நின்றது. உறவினர் யாரும் இல்லை என்று அந்த வரியைக் காலியாக விட்டவர்கள் என்ன ஆனார்கள்? மேடம் அருகில் வந்து, "என்னாச்சுக்கா, புரியலையா?" என்று கேட்டாள்.

"புரிஞ்சிடுச்சு மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே கேட்டார். பிறகு மெதுவாக, "பழையபடி மாத்திடு. நாளைக்குக் காலைல அவங்க பேரெல்லாம் பட்டியல்ல தானா வந்துடும். சிஸ்டர் கூப்பிட்டுடுவாங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை, அப்படியே நடந்திருக்கும். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்தப் பூசணிக்காயை இரண்டே சொல்லில் மறைத்துவிடலாம்.

காலையில் ஏழு மணிக்கே போனாள். பழைய கியூரியை ஓட்டினாள். நான்கு நிமிடம் எடுத்த அதே கியூரி, அவள் போட்ட இண்டெக்ஸால் இப்போது ஐம்பது செகண்டில் வந்தது. அந்த ஐம்பது செகண்டும் அவள் மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. புதிய பட்டியலில் ஐம்பத்தெட்டுப் பேர். பழையதில் எண்பத்தைந்து. இருபத்தேழு பேர் குறைந்திருந்தார்கள். அந்த இருபத்தேழு பேருக்கும் ஒரே ஒற்றுமை, சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள். சிஸ்டர் அப்போதுதான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பத்து வாரமா இந்த இருபத்தேழு பேர் உங்க கண்ணுக்கே வரல."

சிஸ்டர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். இருபத்திரண்டு பேருக்குச் சின்னக் குறைகள், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது, ரத்தம் குறைந்திருந்தது, அந்த மாதிரி. நான்கு பேருக்கு உடனே மருந்து தொடங்க வேண்டும், தொடங்கினால் சமாளித்துவிடலாம். விரல் ஒரு வரியில் நின்றது.

"இந்தம்மாவை முதல்ல பிடிக்கணும்" என்றார்.

அறுபத்தொரு வயதுப் பெண். மார்பில் கட்டி. புற்றுநோய் என்று முடிவு வந்து ஒன்பது வாரம் முடிந்திருந்தது.

மூன்று முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. அதற்குள் விஷயம் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்வரை போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் விளக்க வேண்டாம்" என்றார். அக்கா தலையாட்டினாள். பிறகு விலாசத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு தானே கிளம்பினாள்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டபோது, "நீச்சல் டீச்சரா? இந்நேரம் குளத்துலதான் இருப்பாங்க" என்று வழி சொன்னார்கள். நகராட்சி நீச்சல் குளம். குளோரின் வாடை தெருவரைக்கும் வந்தது. தண்ணீரின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசிலோடு, ஒட்ட வெட்டிய நரைமுடியோடு, அவர்களுக்கு மேலே நின்றவர்தான் டீச்சர். போன் அலமாரிக்குள் கிடந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேங்க. உங்க டெஸ்ட் விஷயமா."

"அது நல்லபடியா முடிஞ்சிருச்சே" என்றார் டீச்சர். "கூப்பிடலன்னா நல்ல சேதின்னு அங்கேயே சொன்னாங்க. ரெண்டு வாரம் பார்த்தேன். கூப்பிடல. நிம்மதியா இருந்துச்சு. இந்த வருஷம் இன்னொரு வகுப்புகூட எடுத்துக்கிட்டேன்."

அக்காவுக்கு அந்த 'நிம்மதி' என்ற சொல்லைத் தாங்க முடியவில்லை. ஈரமான சிமெண்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு விசில் ஊதினார். குழந்தைகள் ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். டீச்சர் விரலை நீட்டி எண்ணினார். பன்னிரண்டு வந்ததும்தான் இவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க."

அவள் சொன்னாள். முடிவு என்ன, எப்போது வந்தது, உடனே வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னாள். டீச்சர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒன்பது வாரமா. கம்ப்யூட்டர் கோளாறா?"

கண்காணிப்பாளர் சொல்லி அனுப்பிய பதிலை டீச்சரே எடுத்துக் கொடுக்கிறார். ஆமாம் என்றால் போதும்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சுது. பட்டியல் சீக்கிரம் வரணும்னு நான் ஒரு மாத்தம் பண்ணேன். உறவுன்னு யாரையும் எழுதாதவங்க அதுல விட்டுப்போவாங்கன்னு யோசிக்கல. நீங்க அந்த வரியைக் காலியா விட்டிருந்தீங்க. அதனால விட்டுப்போனீங்க. நான்தான் செஞ்சேன்."

"எத்தனை பேரு?"

"இருபத்தேழு."

"எல்லாரும் என்னை மாதிரி தனிக்கட்டைங்க."

"ஆமாங்க."

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் சுற்றினார். பேசியபோது அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"இங்க நாங்க பசங்களைத் தண்ணில இறக்கும்போது எண்ணுவோம். ஏத்தும்போது எண்ணுவோம். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான், யாரு எவ்வளவு வேகமா நீந்தினாங்கன்னே பேசுவோம்."

அக்கா அழுதாள். டீச்சர் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. உடை மாற்றிக்கொண்டு வந்து, "போலாமா?" என்று கேட்டார்.

சர்ஜன் பார்த்துவிட்டு, கட்டி கொஞ்சம் பரவியிருக்கிறது என்றார். அக்கா அவரைத் தனியாகப் பிடித்து, ஒன்பது வாரம் முன்னாடி வந்திருந்தால் என்று கேட்டாள். "சொல்ல முடியாதும்மா. அப்பவும் இப்படியே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றார் அவர். அவள் வாழ்க்கையில் எண்ணாகக் கிடைக்காத ஒரே பதில் அது. அதற்கு மேல் அவரைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பின்னாளில் இரண்டு முறை வேறு டாக்டர்களிடமும் கேட்டாள். இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் கடைசி வரி மறுபடி வந்தது. டீச்சர் பேனாவைப் பிடித்தபடி நிறுத்தினார்.

"உங்க பேரை எழுதிக்கட்டுமா? இன்னொரு தடவை நான் விட்டுப்போனா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத முகம்.

"எழுதுங்க."

படிவத்தை அவளே மாடிக்கு எடுத்துப்போய், பழைய நாள்போல டைப் அடித்து ஏற்றினாள். உறவுமுறை என்ற இடத்தில் கணவர், மனைவி, மகன், மகள் என்று ஒரு வரிசை விரிந்தது. கடைசியில் 'மற்றவர்' என்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள்.

அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற இருபத்தாறு பேரையும் சிஸ்டர் ஒரே வாரத்தில் கூப்பிட்டு முடித்தார். கூப்பிடாவிட்டால் நல்ல சேதி என்று சொல்லும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று அக்கா கண்காணிப்பாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள், மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். பட்டியல் பழைய கியூரிக்கே திரும்பிப் போனது. ஐம்பது செகண்டு ஆகிறதே என்று யாரும் முணுமுணுக்கவில்லை. பின்னால் அவளே வேறு விதமாகத் திருத்தி ஆறு செகண்டுக்குக் கொண்டுவந்தாள், யாரையும் விடாமல். நோட்டில் 'முன்னால்', 'பின்னால்' இரண்டுக்கும் இடதுபக்கத்தில், மற்றதற்கெல்லாம் முதலாக, ஒரு கோடு இழுத்து 'எத்தனை பேர்' என்று எழுதினாள்.

சனிக்கிழமைதோறும் டீச்சர் வீட்டுக்குப் போவாள். முதலில் குற்ற உணர்ச்சியில்தான் போனாள், அதை ஒளிக்கவும் இல்லை. டீச்சர் அதைச் சகித்துக்கொண்டார். போகப் போக, போகாவிட்டால் சனிக்கிழமை மாதிரியே இல்லை என்றானது. டீச்சருக்கு நல்ல நாளும் இருந்தது, மருந்து ஏற்றிவிட்டு வந்து வாந்தியில் கழிந்த நாளும் இருந்தது. நல்ல நாளில் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேறொருவர் நடத்தும் வகுப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், அவள் மேசைமேலிருந்த கைபேசி அடித்தது. அதற்கு முந்தின நாள்தான் டீச்சரை இரண்டாம் மாடி வார்டில் சேர்த்திருந்தாள். காலையில் போய்ப் பார்த்தபோது பேசினார், தலையணையைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னார். போனில் வந்தது புதிதாகச் சேர்ந்த நர்ஸின் குரல். திரையைப் பார்த்து எண்ணை எடுத்து அடித்திருக்கிறாள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

"வார்டுலேர்ந்து பேசறேங்க. இங்க அட்மிட் ஆகியிருந்த அம்மாவுக்கு உறவுன்னு உங்க நம்பர்தான் இருக்கு. கொஞ்சம் வர முடியுமா?" குரல் தாழ்ந்தது. "மூச்சு நின்னு பத்து நிமிஷம் ஆச்சுங்க. உறவுமுறைல மற்றவர்னு மட்டும் போட்டிருக்கு. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. லிஃப்ட் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"தங்கச்சி" என்றாள் அக்கா. "மேல் மாடிலதாம்மா இருக்கேன். இதோ வர்றேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.